ஒரே அளவுத் துண்டுகள்

எதிரே உட்கார்ந்து யாராவது டீயை உறிஞ்சிக் குடித்தால் எனக்கு எழுதக் கை வராது. உங்கள் காவலர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் டம்ளரை வாயில் வைக்கும்போதெல்லாம் சாக்கடை அடைப்பு விட்டதுபோல ஒரு சத்தம் வருகிறது. அவரை வராந்தாவில் உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. "உங்க வார்த்தையிலயே எழுதுங்க, அவசரமில்ல" என்றீர்கள். எனக்கும் அவசரமில்லை. வேலை, வீடு, நோட்டு எல்லாமே முடிந்துவிட்டன.

சோப்புத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். பெல்ட்டில் வரும் சோப்புகளில் நூற்றுக்கு ஒன்றை எடுத்துக் கம்பியால் அறுத்து, நிறம், மணம், ஈரம் பார்த்து, 'ஏற்கப்பட்டது' அல்லது 'தள்ளப்பட்டது' என்று எழுத வேண்டும். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு மாறிப்போகும். எதையும் மூன்று தடவை பார்க்காமல் எழுதக்கூடாது. இந்த இரண்டும் என் கையோடு ஊறிப்போனவை. வீட்டில் ரொட்டியைக்கூட நான் அப்படித்தான் வெட்டுவேன். அண்ணி அதைப் பார்த்து, "தம்பி, ஸ்கேல் வேணுமா?" என்று கேலி செய்வார்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னொருவர் வாய் கொப்பளிக்கும் சத்தத்தைக் காலம் முழுக்கக் கேட்க வேண்டுமே என்ற தயக்கம்தான் காரணம். விருப்ப ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அதற்கு என் நன்றியில் குறைவில்லை. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அவர் தலைமையாசிரியராக இருந்தார். பிள்ளைகள் வைத்த பெயர் 'சுத்தம் சார்'. தினமும் காலையில் பள்ளி வாசலில் நின்று நகம், காது, கழுத்து என்று வரிசையாகப் பார்ப்பார். கைக்குட்டை இல்லாமல் கதவின் கைப்பிடியைத் தொட மாட்டார். ஆப்பிளைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அழுக்கு எதையாவது கண்டுவிட்டால் மூக்கின் வலப்பக்கம் மட்டும் சுருங்கும், பிறகு வாயிலிருந்து ஒரு "ச்சீ" வரும். சின்னச் சத்தம்தான். ஆனால் அது யார் மேல் விழுகிறதோ அவர் அன்று முழுக்கத் தலை நிமிர முடியாது.

என் மேல் அது நிறையவே விழுந்திருக்கிறது. ஏழு வயதில் எனக்குப் பலப்பம் தின்னும் பழக்கம் இருந்தது. பல பிள்ளைகளுக்கு இருப்பதுதான். அவர் கையும் களவுமாகப் பிடித்தார். வீட்டில் விருந்தாளிகள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னை நிறுத்தி, "வாயத் திற. நல்லாத் திற. பாருங்க, இது எங்க வீட்டுப் பன்னி" என்றார். பிறகு சோப்பைத் தேய்த்து என் நாக்கைக் கழுவினார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பலப்பம்'. தொழிற்சாலைக்கு ஒருமுறை என்னைப் பார்க்க வந்த அண்ணன் வாசலில் நின்று, "பலப்பம் இருக்கானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அங்கேயும் பலப்பம்தான். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த விருந்தாளிகள் வந்த தேதிகூட எனக்கு நினைவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணி, அவ்வளவுதான் தெரியும்.

போன வருடம் அண்ணனுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். அண்ணி அழுதுகொண்டே கும்பிட்டார். அண்ணன் போர்வையின் நுனியைக் கையில் எடுத்து, சாவதானமாக வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுக்கப் புரிந்தது. சீப்பு, செய்தித்தாள், செருப்பு வார், ஈரத்துணி என்று கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போயிற்று. கைக்குட்டை இல்லாமல் தொடாத அந்தக் கதவுக் கைப்பிடியை மண்டியிட்டு நக்கினார். யாரிடமும் பயமில்லை, கோபமில்லை. அண்ணியை 'டீச்சர்' என்றார், என்னைச் 'சார்' என்றார். எதைக் கொடுத்தாலும், "நன்றி சார்" என்பார். பார்க்க வந்த உறவுக்காரர்களைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டார், சிரித்த முகம் மாறாமல். இரண்டு வாரத்தில் உறவு எல்லாம் வாசலோடு நின்றுபோயிற்று. என்னால் அவரோடு ஒரே மேசையில் உட்கார முடியவில்லை. எச்சில் தாடை வழியாக ஒழுகிச் சட்டைக் காலரில் ஊறிக் காய்ந்து, அதன் மேல் மறுபடியும் ஊறும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதல் பத்து நாள் நான் மாடியில் போய் வாந்தி எடுத்தேன்.

நரம்பியல் டாக்டரம்மாதான் எங்களுக்கு விளக்கினார். நாற்பது வயது இருக்கும், பொறுமையானவர்.

"ரெண்டு காதுக்கும் மேல மூளையில இருக்கற பகுதிய காய்ச்சல் அரிச்சிடுச்சு. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ஆனா பார்க்கறது என்னன்னு தெரியாது. அதான் கைக்குழந்தை மாதிரி வாயில வெச்சுப் பார்க்கறாரு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி நடந்தது மனசுல நிக்காது. பயம் போச்சு. அருவருப்பு சுத்தமாவே போச்சு. ரொம்ப அபூர்வமான வியாதி. என் சர்வீஸ்ல இவர் ரெண்டாவது ஆளு."

அருவருப்பே இல்லாத மனிதன். அதுவும் எங்கள் அண்ணன். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனைதான்.

டாக்டரம்மா ஒரு உதவி கேட்டார். "நான் பார்க்கறது பத்து நிமிஷம். வீட்ல இருக்கறவங்க நாள் முழுக்கப் பார்ப்பீங்க. எதை வாயில போட்டாரு, எப்போ, துப்பினாரா முழுங்கினாரான்னு ஒரு நோட்ல எழுதி வையுங்க. மருந்தை ஏத்தறதா நிறுத்தறதான்னு அத வெச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும்."

அண்ணி என்னைக் காட்டினார். "பகல்ல தம்பிதான் இருப்பாரு டாக்டர். அவர் கண்ணுலேருந்து ஒண்ணும் தப்பாது."

அண்ணி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். அவர் சம்பளத்தில்தான் வைத்தியம் ஓடியது. கிளம்புமுன் வீட்டில் உள்ள சின்னப் பொருள்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். "நீங்க மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும் தம்பி" என்று தினமும் சொல்லுவார். சாவி என்னிடம் இருந்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். வாயில் போட்டதைப் பிடுங்கி எறிந்தேன், எழுதினேன். தேதி, மணி, பொருள், முடிவு என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு. டாக்டரம்மா அதைப் புரட்டிவிட்டு, "இப்படி எழுதின குடும்பத்த நான் பார்த்ததேயில்ல. என் மாணவர்களுக்குக் காட்டப் போறேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒருவர் என் வேலையை நன்றாயிருக்கிறது என்று சொன்னார்.

அதற்குப் பிறகு நோட்டை உட்கார்ந்து படித்தபோது ஒரு குறை தெரிந்தது. கண்ணில் பட்டதை அவர் எடுத்தார், நான் எழுதினேன். அது பரிசோதனை ஆகாது. எதிரே இருந்தது சீப்பு என்பதால் சீப்பைத் தின்றாரா, சீப்பும் பிஸ்கெட்டும் சேர்ந்து இருந்தாலும் சீப்பைத்தான் எடுப்பாரா? இது தெரியாமல் நோயைப் புரிந்துகொண்டோம் என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒரு தட்டு வைத்தேன். பிஸ்கெட், மெழுகுவத்தி, அழிரப்பர். மூன்றையும் ஒரே அளவாக வெட்டினேன். அவர் முதலில் மெழுகுவத்தியை எடுத்தார். மென்றார், விழுங்கினார். "நன்றி சார்" என்றார். மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் மெழுகுவத்தி. மெழுகு கெடுதல் செய்யாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் வைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

அண்ணியிடம் தட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

பிறகு பலப்பம் வைத்தேன். கடையில் பெட்டியாகவே கிடைத்தது. அது மனிதன் தின்னும் பொருளா இல்லையா என்பதில் எனக்கு நேரடி அனுபவம் இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் பெட்டி காலியாயிற்று. அவர் பல்லிடுக்கில் சாம்பல் நிற மாவு அப்பிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாயைப் பார்க்கும்போது அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குக் குமட்டவில்லை.

இங்கிருந்து எழுதுவதைப் படிக்கும்போது உங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் அப்போது சுளித்தது, கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். டாக்டரம்மா 'அருவருப்பு சுத்தமாப் போச்சு' என்றாரே, சுத்தமாக என்றால் எவ்வளவு? பெல்ட்டில் ஒரு சோப்பு எத்தனை சூட்டில் உருகும் என்று பார்க்காமல் அதை நல்ல சோப்பு என்று எழுத முடியாது. அண்ணனின் எல்லை எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது. குளியலறை வடிகாலில் சிக்கிய முடியைக் கழுவாமல் சுருட்டி வைத்தேன். ஏற்றார். குப்பைத் தொட்டியின் அடியில் கொழகொழவென்று தேங்கியிருந்ததை ரொட்டித் துண்டின் மேல் தடவி வைத்தேன். ஏற்றார். வெட்டிய கால் நகங்கள், என்னுடையவைதான். ஏற்றார். கரப்பான்பூச்சியை அளவாக வெட்ட வராது, அதை முழுதாகவே வைத்தேன். கால் ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் நாக்கால் வழித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் "நன்றி சார்." சில சமயம், "ரொம்ப நல்லாயிருக்கு சார்." ஊரே தலைமேல் வைத்துக் கொண்டாடிய சுத்தம் சார்.

நோட்டில் 'தட்டில் வைத்தேன்' என்று எழுதவில்லை. 'எடுத்தார்' என்றுதான் எழுதினேன். அது பொய்யல்ல, எடுத்தது அவர்தான்.

ஒரு நாள் மாலை அண்ணி அவருக்குப் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருந்தார். விரலில் துணியைச் சுற்றி மெதுவாகத் தேய்ப்பார். திடீரென்று கையை எடுத்துவிட்டார். விரலில் நீளமாக ஒரு முடி.

"தம்பி, இவர் வாய் ஏன் இப்படி நாறுது?"

"மாத்திரையா இருக்கும் அண்ணி."

"என் முடி வேற பல்லுல சிக்கியிருக்கு பாருங்க. பாவம், என்ன செய்வாரு. என் தப்புதான்." அன்றிலிருந்து அண்ணி வீட்டில் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே நடமாடினார். அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

நாலாவது மாதம் டாக்டரம்மா புது மாத்திரை ஒன்று கொடுத்தார். "இது எல்லாருக்கும் கேட்காது. கேட்டுச்சுன்னா அவர் மெல்ல மெல்லத் திரும்பி வருவாரு. முழுசா இல்லேன்னாலும் பாதியாவது வருவாரு. எப்படித் தெரியும்னா, ஒரு நாள் ஏதாவது ஒண்ண வாய்க்கிட்ட கொண்டுபோயிட்டு 'ச்சீ'ன்னு கீழ வைப்பாரு. அந்த ஒரு 'ச்சீ' வந்தா போதும். எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க. ரெண்டு மாசம் பார்ப்போம். வரலேன்னா நிறுத்திடலாம், அந்த மாத்திரை ஈரலுக்கு நல்லதில்ல."

அண்ணி அந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "தம்பி, சொன்னாரா?" என்று கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

அந்த இரண்டு மாதமும் நான் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத்தான் பெரும்பாலும் வைத்தேன். பழையதாக, நாற்றமடித்ததாக இருக்கும். வெட்டச் சுலபம், அளவு பிசகாது. வயிற்றுக்குள் போய் ஊறும், வெளியே வராது என்பது எனக்குத் தெரியாதா என்று நேற்றுக் கேட்டீர்கள். ஈரம் உறிஞ்சும் பொருள்களைப் பற்றி எனக்கு இருபத்தாறு வருட அனுபவம். தெரியும்.

இரண்டு மாதம் முடிந்ததும் டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். அத்தனை கட்டத்திலும் 'ஏற்றார்'. அவர் முகம் வாடிவிட்டது. "மருந்து கேட்கல. நிறுத்திடுவோம்" என்றார். அண்ணி ஆஸ்பத்திரி மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டார். "இங்க தொட்டுப் பாருங்க தம்பி. வயிறு கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு நாளா ஒண்ணும் வெளிய போகல." வாயுவாக இருக்கும் என்று சொன்னேன். மறுநாள் காலை அண்ணன் பச்சையாக வாந்தி எடுத்தார். அது வாயிலிருந்து வரக்கூடிய வாந்தியின் நாற்றமாக இல்லை. அதைத் துடைத்தது நான்தான், பதிவில் இருக்கட்டும். அறுவை சிகிச்சை செய்தார்கள். குடல் அடைத்துக் கிழிந்து, உள்ளே எல்லாம் அழுகியிருந்தது. அன்று மாலையே இறந்துவிட்டார்.

நான் எப்படி மாட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதச் சொன்னீர்கள். சர்ஜன், வயிற்றிலிருந்து எடுத்தவற்றை எஃகுத் தட்டில் பரப்பி அண்ணியிடம் காட்டினார். "இந்த மாதிரி நோயாளிங்க கண்டதையும் முழுங்குவாங்கம்மா, உங்க மேல தப்பில்ல" என்று ஆறுதல் சொல்லத்தான் காட்டினார். குடலை அடைத்த இடத்திலிருந்து மட்டும் முப்பத்தொரு துண்டு. கறுத்து, கொழகொழத்து, முடி சுற்றிக்கொண்டு கிடந்தன. அண்ணி மூக்கைக்கூடப் பொத்தவில்லை. மயிரிழை பிசகினால் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. அந்த வேலையை முப்பது வருடம் செய்த கண் அது. குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். பிறகு மூன்றாவதை வைத்தார். மூன்றும் பொருந்தி நின்றன.

"இத அவர் பிய்ச்சுத் திங்கல டாக்டர்" என்றார். "இது தம்பி வெட்டினது. எங்க வீட்ல ரொட்டி இப்படித்தான் இருக்கும்."

துண்டுகளைக் கொஞ்சம் கோணல்மாணலாக வெட்டியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி வெட்ட எனக்கு வராது.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்குப் பதில். இனி எழுதுவது நீங்கள் கேட்காதது. நோட்டில் இல்லாதது, அதனால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் முழு வாக்குமூலம் என்று தலைப்புப் போட்டுவிட்டு ஒன்றை விடுவது ஒழுங்கில்லை.

புது மாத்திரை ஆரம்பித்து முப்பத்து நாலாவது நாள், காலை பதினொன்றரை மணி. வழக்கம்போலத் தட்டை வைத்தேன். அண்ணன் ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நிறுத்தினார். தட்டிலேயே திரும்ப வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துவாலையில் துடைத்தார், சுண்டு விரல் வரைக்கும். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மூக்கின் வலப்பக்கம் சுருங்கியது.

"ச்சீ" என்றார். "என்னடா பலப்பம் இது?"

சுவரில் டாக்டரம்மாவின் எண் இருந்தது. போன் என் சட்டைப்பையில் இருந்தது. நான் எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன். இடது கையால் அவர் மூக்கை அழுத்திப் பிடித்தேன். மூச்சுக்காக வாய் திறந்தது. துண்டை உள்ளே வைத்துத் தாடையை மூடிப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாண்டா, வேண்டாண்டா" என்று என் உள்ளங்கைக்குள் சொன்னார். விழுங்கும்வரை விடவில்லை. எட்டுத் துண்டு. ஐந்து நிமிடம் கழித்து முகம் தெளிந்தது, எல்லாம் மறந்துபோயிற்று. என்னைப் பார்த்துச் சிரித்து, "நன்றி சார்" என்றார். அன்று மாலை அண்ணி வந்து கேட்டபோது இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாளும் 'ச்சீ' என்றார். அதற்கு மறுநாளும். அந்த இரண்டு மாதம் முடிவதற்குள் பத்தொன்பது நாள் சொன்னார். பத்தொன்பது நாளும் அப்படித்தான் விழுங்க வைத்தேன். கட்டத்தில் 'ஏற்றார்' என்று எழுதினேன்.

பொய் எழுதினாயா என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் நிதானமாக யோசித்துவிட்டேன். டாக்டரம்மா கேட்டது, பொருளைப் பார்த்து வருகிற 'ச்சீ'. அண்ணன் ஒவ்வொரு தடவையும் துண்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அது அவர் எப்போதும் சொல்வதுதானே, ஐயா. அதைப் போய்க் குணமானதற்கு அடையாளம் என்று நான் எப்படி எழுதுவேன்?